ஆயுசு மாத்திரை

டப்பா குறையவே இல்லை. இட்லி தின்ற கையோடு மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டபோதுதான் அது எனக்குத் தட்டுப்பட்டது. சித்திரை விசுவுக்கு வந்த மகள் அபி கொடுத்துவிட்டுப் போனது. ஆனி முடியப் போகிறது, இன்னும் கழுத்து வரை நிற்கிறது. அட்சய பாத்திரத்தில் சோறு குறையாது என்று கேட்டிருக்கிறேன். மாத்திரை குறையாது என்று யாரும் சொன்னதில்லை. போலீஸில் ஏட்டாக ஓய்வு பெற்றவன் நான். சந்தேகம் வந்துவிட்டால் பிறகு எனக்குச் சோறு இறங்காது.

அபி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லாரும் இதைச் சாப்பிடுகிறார்களாம். வயசு ஏறுவதை மெதுவாக்குமாம், ஆயுளைக் கூட்டுமாம். எனக்கு ஒரு டப்பா, அவள் அம்மா வடிவம்மாளுக்கு ஒரு டப்பா. வாங்கிய புதிதிலேயே தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் விஜயசங்கரிடம் காட்டினேன். சிரித்தான்.

“எலி கூடுதலா வாழ்ந்துச்சுன்னு எழுதியிருக்கான் ஏட்டையா. மனுசன் வாழ்ந்தானான்னு இன்னும் ஒருத்தனுக்கும் தெரியாது.”

“எலியாவது வாழ்ந்துச்சுல்லா” என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பிக்கை என்று இல்லை. மகள் ஆசையாகக் கொடுத்தது, அதோடு நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச காலம் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று ஒரு நப்பாசை.

சந்தேகம் வந்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறவன் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல் வழியே பார்த்தேன். வடிவு தன் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். அதைச் சாமி படத்துக்கு நேரே காட்டிக் கண்ணை மூடினாள். பிறகு என் டப்பாவைத் திறந்து அதற்குள் போட்டாள்.

“ஏட்டி, கையும் களவுமா மாட்டுனியா?”

அவள் அசரவில்லை. மூடியை இறுக்கிவிட்டுத்தான் திரும்பினாள்.

“களவுன்னா எடுக்கணும். நான் போடத்தான செஞ்சேன்?”

“நீ முழுங்க வேண்டியத என் டப்பால எதுக்குப் போடுத?”

“எனக்கெதுக்கு ஆயுசு மாத்திர? நீங்க கெட்டியா இருங்க. நான் உங்களுக்கு முந்தி பூவும் பொட்டுமாப் போயிரணும். திருமலைக்கோயில்ல படியேறி அதத்தான கேக்கேன்.”

பண்பொழி மலைக்கு மாதந்தோறும் மூச்சு வாங்க வாங்க ஏறுவாள். முழங்கால் வலிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அவள் பாட்டுக்கு முந்திப் போய்விடுவாள். எனக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாக ஆயுசு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? யாரை ஏட்டி என்று கூப்பிட? கத்தினேன். வெளியே கேட்டது கோபம். உள்ளே இருந்தது பயம்தான்.

அன்றிலிருந்து அவளை என் கண்முன்னால் விழுங்க வைத்தேன். வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்றேன். கைதிகளிடம்கூட நான் இத்தனை கறாராக இருந்ததில்லை. அவள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் புறவாசலில் முருங்கை மரத்து மூட்டில் துப்பிவந்தது பிறகுதான் தெரிந்தது. முருங்கைக்கு இனிமேல் சாவே கிடையாது. நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

ஆடி பிறந்ததும் சாரல் இறங்கியது. குத்துக்கல்வலசையில் எங்கள் மாடியில் நின்றால் மலை தெரியாது, மேகம்தான் தெரியும். வடிவுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். போவமா?”

பஸ் ஏறிப் போனோம். பேரருவியின் இரைச்சல் காதில் விழுந்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. கல்யாணமான வருஷம் நான் இங்கேதான் சீசன் டூட்டி பார்த்தேன். கூட்டம் நெருக்கினால் ஆட்களைப் பகுதி பகுதியாக அருவிக்குள் விடுவோம். விசில் ஊதினால் நனைந்தவர்கள் வெளியே வர வேண்டும், நிற்பவர்கள் உள்ளே போக வேண்டும். ஒருநாள் வடிவு தன் மதினிமாரோடு வந்திருந்தாள். தலை நிறைய எண்ணெய், மஞ்சள் சேலை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகில் தண்ணீர் அறைய அறையச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஊத வேண்டிய நேரம் வந்தது. நான் ஊதவில்லை. வரிசை கூப்பாடு போட்டது. இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார்.

“ஏலே மாடக்கண்ணு, வாயில என்ன கொழுக்கட்டையா?”

அன்று சாயங்காலம் ரம்புட்டானை உரித்துத் தின்றபடி வடிவு, “இன்னைக்கு என்ன, ரொம்ப நேரம் விட்டாங்க?” என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இன்று வரை சொன்னதில்லை.

ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு, அவளுடைய உலர்ந்த சேலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பெண்கள் பக்கம் வடிவு கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். பச்சைச் சேலை. தலை முழுக்க நரைத்திருந்தது இங்கிருந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதுதான் அருவிக்கு அடியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் வரிசை ஓரம் நின்ற பெண் போலீஸ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். அபியைவிடச் சின்னவள். என் கால் தானாக அவளிடம் போனது.

“தாயி, நானும் இங்கன சீசன் டூட்டி பாத்தவந்தான். கொஞ்சம் பொறுத்து ஊதேன்.”

“கூட்டம் நிக்கில்லா சார். யாரு உள்ள?”

“அந்தா, பச்சச் சேல. என் வீட்டுக்காரி.”

அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அருவியைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் ஒருத்தி, “எம்மா, எவ்வளவு நேரந்தான் விடுவிய?” என்று கத்தினாள். விசில் அந்தப் பிள்ளையின் உதட்டிலேயே இருந்தது, கொழுக்கட்டை மாதிரி. தண்ணீருக்குள் வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.