கன்னத்தில் கை

என்னைக் கோபக்காரன்னு சொல்றவங்க யாரும் பொய் சொல்லலை. முப்பத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரி கேண்டீன்ல சமைக்கிறேன். பெரிய டாக்டரோ வார்டு துடைக்கிறவரோ, யாரா இருந்தாலும் தட்டைத் தூக்கிக்கிட்டு என் முன்னாடிதான் வரிசையில நிக்கணும். தட்டு கழுவப் போகும்போது ஓரக்கண்ணால பார்ப்பேன். எவனாவது மிச்சம் வெச்சிருந்தா அன்னைக்குப் பூரா எனக்கு மூஞ்சி உர்ருன்னு இருக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு மச்சான் சாப்பிட வந்திருந்தான், என் பொண்டாட்டியோட தம்பி. காலையிலேருந்து நின்னு சமைச்சேன். நாலு வாய் சாப்பிட்டுட்டு என் பொண்டாட்டி சொல்றா, "கறி சரியா வேகலைங்க. மெல்லவே முடியலை."

"எனக்குப் பஞ்சு மாதிரி இருக்கேக்கா," என்றான் மச்சான்.

அவன் என் பக்கம் பேசினது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஒரே கறி, ரெண்டு பேர். ஒருத்தனுக்குப் பஞ்சு, இன்னொருத்திக்கு மெல்ல முடியலைன்னா தப்பு கறியில இல்லைன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்குப் புரியலை. "பிடிக்கலைன்னா சாப்பிடாதே. உன்னை யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை," என்றேன்.

மறுநாளிலேருந்து அவ சாப்பாடு அரைத் தட்டா குறைஞ்சுது. நாலு வாய் மெல்லுவா, நிறுத்துவா, கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் ரெண்டு வாய். மறுபடி கன்னத்துல கை. "என்ன, கப்பல் கவுந்துடுச்சா?" என்றேன் ஒருநாள். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டா. சரி, வீம்பு பண்றா, எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்னு நானும் பேச்சை நிறுத்திட்டேன்.

பிறகு தலை வாரிக்கிறதையும் விட்டுட்டா. துணி வெளுக்கிற கடையில ஜிப்பு மாத்தி, பட்டன் தைச்சு, மடிப்பு அடிக்கிற வேலை அவளுக்கு. அறுபத்துமூணு வயசுலயும் படிய வாரிக்காம வாசல் தாண்ட மாட்டா. அவ பறட்டைத் தலையோட வேலைக்குப் போறதைப் பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஊரெல்லாம் பார்த்து என்னைக் காறித் துப்பட்டும்னு செய்றாளாக்கும்னு நினைச்சேன்.

கேண்டீன்ல இதையே கதையா அவிழ்த்துவிட்டேன். "என் வீட்டுக்காரம்மா என் சமையலை எதிர்த்து உண்ணாவிரதம்," என்பேன். வரிசையே சிரிக்கும். மூணாவது மாடி நர்ஸம்மா கண்ல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. எத்தனை டாக்டருங்க கேட்டாங்க அந்தக் கதையை! கதை ருசியா இருக்கணும்னு, மெல்ல முடியலைன்னு அவ சொன்ன அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டு மத்ததெல்லாம் சொன்னேன்.

மூணாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, சமையலறையில நின்னுக்கிட்டு, "வெளிச்சம் மங்கலா இருக்கு," என்றா. சுவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் முக்காலியைப் போட்டு ஏறி பல்பை மாத்தினேன். கொஞ்ச நேரத்துல அவளுக்கும் பார்வை தெளிஞ்சுடுச்சு போல, வேலைக்குக் கிளம்பிட்டா.

வெள்ளிக்கிழமை மதியம், கூட்டம் நெரியுற நேரம், கேண்டீனுக்கே வந்து நின்னா. ஒருநாளும் வராதவ. "ஏங்க, இடது கண்ணுல ஒண்ணுமே தெரியலைங்க. ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தேன், அப்படியே இருட்டிடுச்சு," என்றா. கரண்டி என் கையிலேயே இருந்தது. நர்ஸம்மா தட்டைப் போட்டுட்டு அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினாங்க.

டாக்டர் கேட்டார், "மெல்லும்போது தாடை வலிக்குதாம்மா?"

"ஆமாங்க. மெல்ல மெல்ல ஏறும். நிறுத்தினா போயிடும்."

"தலை வாரினா?"

"சீப்பு பட்டாலே உயிர் போகுது."

ஏப்ரனைக்கூடக் கழட்டாம பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். மூணு வாரமா என் எதிர்லேயே உக்காந்திருந்தவ கதை எனக்குப் புதுசா இருந்தது.

அவளை ஊசி போடக் கூட்டிட்டுப் போனதும் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். "தாடை வலின்னா எல்லாரும் பல்லைத்தான் நினைப்பாங்க. பெரும்பாலும் பல்லோ தாடை மூட்டோதான். கூடவே நெஞ்சு அடைச்சு வேர்த்துக் கொட்டினா இதயமா இருக்கலாம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. இவங்களுக்கு நெத்திப்பொட்டுல ஓடுற ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. கண்ணுக்குப் போற ரத்தக்குழாயையும் அந்த வீக்கம் அடைச்சிடுச்சு. ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு மெல்லும்போது தாடை வலியும் புதுசா தலைவலியும் வந்தா அன்னைக்கே வரணும். கண் மங்கினா ஓடியே வரணும்."

"செவ்வாய்க்கிழமையே மங்கலா இருக்குன்னு சொன்னா, டாக்டர். அன்னைக்கே வந்திருந்தா?"

"காப்பாத்த வாய்ப்பு இருந்தது," என்றார். "வலது கண்ணுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் இந்த மருந்து. இடது கண்ணுல பார்வை இனி திரும்பாது. அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

நானே சொல்றேன்னேன். ரெண்டு நாளா சொல்லலை.

மூணாவது நாள் வலி பறந்துடுச்சு. வார்டுல கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து, நான் கொண்டு போன கறியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டா. நான் இன்னும் ஒரு கரண்டி வெச்சேன்.

"வலி சுத்தமா இல்லைங்க. கண்ணும் இப்படியே ரெண்டு நாள்ல வந்துடும், இல்ல?"

"வராது," என்றேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. "வலது கண்ணு தப்பிச்சுது. இடது போனது போனதுதான்."

கை தட்டுலேயே நின்னுடுச்சு. இன்னொரு கையால இடது கண்ணைத் தொட்டுப் பார்த்தா. "முன்னாடியே வந்திருந்தா?"

"காப்பாத்தியிருக்கலாமாம்."

"என் தப்புதான்," என்றா. "தம்பி முன்னாடி உங்களை ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டேன். உங்க மூஞ்சியே சின்னதாயிடுச்சு. மறுபடியும் மெல்ல முடியலைன்னு சொன்னா உங்க மனசு நோகும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

நோகக் கூடாதாம். என் மனசு! பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, அவ மடியில தலையைப் போட்டு ஓன்னு அழுதேன்.