மச்சான் எடுத்த டிக்

“உங்க மாமன் அந்தக் கம்பெனிச் சம்பளத்துலதான உன்னப் படிக்க வச்சாரு. விசுவாசத்தக் காட்டிட்ட.”

மணவாளன் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கடலூரில் அவர் நடத்தும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் நடு அறையில், கூட வேலை செய்யும் மூன்று பேரும் குடிகாட்டிலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் கேட்கும்படி, ஜான்சியின் முகத்துக்கு நேராகச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். குடிகாட்டுத் தண்ணீரைச் சாயக் கம்பெனி ஒன்று கெடுக்கிறது என்று ஊர்க்காரர்கள் வழக்குப் போட இருந்தார்கள். கம்பெனி வேலியோரம் இருந்த ஒரு போர்க் கிணற்றுத் தண்ணீரில் சரியான ஆதாரம் கிடைத்தது. அந்த அறிக்கையைச் சனிக்கிழமை மாலை டைப் செய்து, சிதம்பரத்தில் இருக்கும் வக்கீல் அமராவதிக்கு மெயிலில் அனுப்பியவள் ஜான்சி. ஞாயிறு காலையில் கம்பெனி ஆட்கள் வந்து அந்தப் போரைச் சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டுப் போனார்கள். கோர்ட்டு கேட்டால் மறுபடி எடுத்துக் காட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜான்சியின் தாய்மாமன் அதே கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார். குடிகாட்டுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அவர்களில் ஒருவர் அவள் காலடியில் துப்பாத குறையாக வெளியேறினார்.

ஜான்சி அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே சிதம்பரம் பஸ் ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

மேல வீதியில் மாடியில் இருந்தது அமராவதியின் அலுவலகம். ஜான்சி சொன்னதை எல்லாம் வக்கீலம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“உங்க ரிப்போர்ட்ட நான் இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன். வரலியேன்னு தேடுனா, எல்லாத்துக்கும் அடியில கெடக்குது. தேதியப் பாரு.”

2002 ஜனவரி ஒன்று என்றிருந்தது. நடப்பதோ 2010.

ஜான்சிக்குச் சட்டென்று விளங்கியது. கூடத்தில் அவள் கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட வைக்கும் பேட்டரி செத்துப் போயிருந்தது. தினமும் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி எட்டு வருஷம் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் மெயில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை, மெயில் பார்க்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நம்பாது. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து வழியை மறிக்கும். இரண்டு மாதமாகக் காலையில் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அதைச் சரிசெய்ய மணவாளன் கூப்பிட்டது கீழ்த்தளத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் இளவரசுவை. மணவாளன் மனைவியின் தம்பி. மேலே இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு இன்டர்நெட் ஒயர் வருவதும் அவன் கடை சர்வர் வழியாகத்தான்.

இளவரசு பேட்டரியை மாற்றவில்லை. செட்டிங்கைத் திறந்து, பாதுகாப்பான இணைப்பு என்பதற்கு எதிரே இருந்த இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டான். வரும் மெயிலுக்கு ஒன்று, போகும் மெயிலுக்கு ஒன்று. இனித் தொல்லை இருக்காது என்று டீ குடித்துவிட்டுப் போனான். டிக் இருந்தவரை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிப் போன மெயில், அன்றிலிருந்து ஒட்டாத கவரில் போனது. அவன் கடை சர்வரைத் தாண்டித்தான் போனது; அவன் நினைத்தால் படித்துவிட்டுக் கம்பெனிக்கும் சொல்லலாம். ஜான்சி பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள். ஏன் எடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“இதெல்லாம் சொன்னா ஒங்க சாருக்குப் புரியுமா?” என்றார் அமராவதி.

“மச்சான்னா அவருக்கு உசிருங்க. என்னத்தான் பொய் சொல்றான்னுவாரு.”

அப்படியானால் கண்ணால் பார்க்கட்டும் என்றார் வக்கீலம்மா. பிறகு யாரும் அவள் மேல் பழி போட முடியாதபடி ஜான்சியின் செல்லை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அன்று தன் வீட்டிலேயே தங்கும்படி சொன்னார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு மணவாளனுக்குப் போன் செய்து, ஒரு மெயில் அனுப்புகிறேன், கூடத்துக் கம்ப்யூட்டரில் நீங்களே திறந்து படியுங்கள், வீட்டில்கூடச் சொல்லாதீர்கள் என்றார். என்ன எழுதினார் என்பது ஜான்சிக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் குடிகாட்டுக்குப் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. தெற்கு வெளியில் இருக்கும் போரில் பத்து மணிக்கு அதிகாரிகள் முன்னால் தண்ணீர் எடுக்கப் போகிறோம் என்று வக்கீலம்மா எழுதியிருந்தார். பல வருஷமாகத் தண்ணீரே வராத போர் அது. அதைச் சுற்றிக் கம்பெனி ஜீப்பும், ஆறு ஆளும், கலந்து வைத்த சிமெண்டும்.

மணவாளன் முன்பே வந்து வேலிப்படலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். யாரிடமும் சொல்லவில்லையே என்று வக்கீல் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினார். ஒயர் யார் கடை வழியாக வருகிறது என்று ஜான்சி கேட்டாள். அவர் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

கடலூர் திரும்பியதும், “சரிம்மா, நாளையிலேருந்து வந்துடு” என்றார்.

ஜான்சி பையைத் திறந்தாள். கடைத்தெருவில் புது பேட்டரியும், மாமன் மகனிடம் ஒயர் இல்லாமல் நெட் தரும் டேட்டா கார்டும் வாங்கி வந்திருந்தாள். கீழிருந்து வந்த ஒயரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். பேட்டரியை மாற்றினாள். தேதியைத் திருத்தினாள். இரண்டு டிக்கையும் போட்டு, வரும் மெயிலுக்கு 995, போகும் மெயிலுக்கு 465 என்று பாதுகாப்பான இணைப்புக்குரிய எண்களை அடித்தாள். எச்சரிக்கைப் பெட்டி வரவில்லை. கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“அஞ்சு பேரு முன்னாடி சொன்னீங்க. குடிகாட்டுக் கமிட்டிக்கும் வக்கீலுக்கும் இப்ப எழுதுங்க.”

அவர் இரண்டு விரலால் தட்டினார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தகவல் கசிந்தது என்று வந்தது. ஜான்சி எட்டிப் பார்த்து அந்த வரியை அழித்தாள்.

“கோளாறு போய்க் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லுச்சா? பேரப் போடுங்க.”

“மச்சான் பேரு வேணாம்மா. வூட்டுல எனக்குச் சோறு கெடைக்காது.”

“எம் பேரச் சொன்னீங்களே, எங்க வூட்டுல நேத்து அடுப்பே மூட்டல.”

நெட் கட்டாகிவிட்டதா மாமா என்று கேட்டபடி இளவரசு படியேறி வந்தான். அக்கா புருஷன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மேல்படியிலேயே நின்றுவிட்டான். மணவாளன் அவனைப் பார்த்துக்கொண்டே அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஜான்சி முழுவதும் படித்துவிட்டு அனுப்பினாள்.

“பழைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியுமே, மாத்திக் குடும்மா” என்றார் மணவாளன்.

“நீங்களே மாத்துங்க. எனக்குத் தெரிய வேணாம்.” நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். “நாளைக்கு இங்கேருந்து வேற எதுனா வெளிய போச்சுன்னா, அப்ப யாரக் கை காட்டுறீங்கன்னு பாக்குறேன்.”

பின்னால் இரண்டு விரல் தட்டும் சத்தம் மெதுவாகக் கேட்டது. அது நிற்கும்வரை அவள் திரும்பவில்லை.