வெயில் விழுந்த தகடுகள்

விடியுமுன்பே தகடு துடைக்க இறங்கிவிடுவோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி பனியில் ஊறி, சூரியத் தகடுகளின்மேல் களிம்பாய்ப் படிந்திருக்கும். நீண்ட கழியில் பூட்டிய துடைப்பானை இழுக்க இழுக்கத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைக்கும்.

தகடுகள் நிற்கும் இடம் எங்கள் ஊர் மாடுகள் மேய்ந்த மேய்க்கால் நிலம். மின்சாரக் கம்பெனியும் ஊரும் கூட்டாளிகள் என்று சொல்லி வாங்கினார்கள். புகையில்லாத மின்சாரம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை, எதையும் ஊரோடு கலந்து பேசுவோம் என்றார்கள். வேலை மட்டும் வந்தது. கைகுலுக்கும் படம் போட்ட பலகை வாசலில் நிற்கிறது.

வெயில் விழுந்தால் தகட்டில் மின்சாரம் ஓடும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த முறை. பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். தண்ணீர் லாரி தாமதமாக வந்தது. மிச்ச வரிசைகளை வெயிலிலேயே கழுவச் சொன்னார்கள். அப்படித்தான் தை மாதத்தில் ஒரு காலை, என் வீட்டுக்காரர் ராசாங்கம் ஈரக் கையோடு தோல் உரிந்த ஒயரின்மேல் சாய்ந்தார். கட்டையால் தள்ளி விலக்கிய பிறகும் துடைப்பானை அவர் கை விடவில்லை. விரல்களை நான்தான் பிரித்தேன்.

கவனக்குறைவு என்றது கம்பெனி. கருமாதிக்கு அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. நான் மறுபடி வேலைக்குப் போனேன். வேறு வேலை எங்கே இருக்கிறது?

மாசியில் ஒருநாள், பாதி வரிசை கிடக்கும்போதே வெயில் ஏறிவிட்டது. கழியைக் கீழே வைத்தேன். சூப்பர்வைசர் வேணுகோபால் வந்தார்.

"என்ன மலர்க்கொடி, அதுக்குள்ள களைச்சிட்டியா?"

"வெயிலு வந்துடுச்சு சார். இனிமே தொட மாட்டேன்."

தூசி இருந்தால் மின்சாரம் குறையும், மேலே யார் பதில் சொல்வது என்றார். மற்றவர்களிடம், இவளுக்குத் துக்கம், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றார்.

பக்கத்து வரிசையிலிருந்த புவனேஸ்வரி தன் கழியைத் தரையில் போட்டாள். "கூட்டாளின்னு பலகை வச்சிருக்கீங்கல்ல சார். கூட்டாளி எழவுக்குக்கூட வர மாட்டானா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் வரிசை வரிசையாகக் கழிகள் விழுந்தன.

எல்லோரையும் நிறுத்திவிட்டு வேறு ஆள் வைப்பேன் என்றார் வேணுகோபால்.

"வைங்க," என்றார் தண்ணீர்க்குழாய் இழுக்கும் மணிவண்ணன். "வர்றவனும் எங்க ஊர்க்காரன்தான். ராசாங்கத்தோட பாடையத் தூக்குனவன்தான்."

அதிகாரிகள் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசும்வரை, வெயில் விழுந்த தகட்டைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாளும் தண்ணீர் லாரி தாமதம். வெயில் ஏறியதும் அந்தப் பலகையின் நிழலில் நெருக்கி உட்கார்ந்தோம். எனக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். அதிகாரிகள் யாரும் வரவில்லை. சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. துடைக்காத தகடுகளின்மேல் தூசி படிந்துகொண்டே இருந்தது.