செய்தவன் வீட்டுக்கு வந்த வண்டிச்சாமி

ஆடுகள் மேட்டுப் புல்வெளியிலிருந்து இறங்கும் மாதத்தில் ஒரு நண்பகல், வண்டிச்சாமி டான்யூப் ஆற்றைத் தனியாக மிதந்து கடந்து, ஐந்து நாள் நடந்து, தன்னைச் செதுக்கிய விலியரித்தின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. விலியரித் அப்போது சக்கரத்துக்கு ஆரக்கால் இழைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், உளியைக் கீழே வைத்தான், உள்ளே திரும்பி மனைவியிடம், "ரனில்தா, நான் செஞ்ச சாமி வந்திருக்கு," என்றான். அவள் கஞ்சியைக் கிளறுவதை நிறுத்தாமல், "தனியாவா வந்திருக்கு?" என்று கேட்டாள்.

வடகரையில் நாங்கள் இருந்த காலத்தில் அதற்கு இருந்த மரியாதையே வேறு. ஆள் உயர ஓக் மரம், முறுக்கு மீசை, உளி வழுக்கியதால் ஒரு கண் மற்றதைவிடப் பெரிது. கூடாரங்களில் கிறிஸ்தவர்கள் பெருகிவிட்டார்கள் என்று கோபம் கொண்ட எங்கள் தலைவன், விலியரித்தின் கழுத்தில் கத்தி வைத்து அதைச் செய்ய வைத்தான். வண்டியில் ஏற்றிக் கூடாரம் கூடாரமாக அனுப்பினான். வண்டி நின்றால் எல்லோரும் வெளியே வந்து நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட வேண்டும். கும்பிடாதவர்களின் கூடாரத்துக்கு ஆட்களோடு சேர்த்துத் தீ வைத்தார்கள். இன்று எங்கள் சபைக்குப் பாதிரியாராக இருக்கும் குதிலுபின் தாயும் தம்பியும் அப்படித்தான் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆற்றைத் தாண்டி ஓடி வந்து, பேரரசரின் தயவில் ஹேமுஸ் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கக் குடியேறினோம். பிறகு கிழக்கிலிருந்து குதிரைக்காரர்கள் வந்து அந்தத் தலைவனையும் துரத்தினார்கள். ஓடுகிற அவசரத்தில் சாமியைத் தூக்கிக்கொள்ள யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வருடக்கணக்கில் சேற்றில் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. போவதற்கு அதற்கு வேறு யாரைத் தெரியும்?

ரனில்தாவுக்கு முதலில் எரிச்சல்தான். அந்தச் சாமியால் செத்தவர்களில் அவள் தோழிகளும் இருந்தார்கள். வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் மழை அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் பெய்தது. பக்கத்து வீட்டில் கம்பளி காயப்போட்டிருந்தார்கள். நாலாம் நாள் அவளுக்கே தாங்கவில்லை. "நனைஞ்சா வெடிச்சிரும். உள்ள வந்து தொலை," என்று கதவைத் திறந்தாள். துணியால் துடைத்து, விரிசல்களில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாள். மூன்று முறை தரித்து மூன்றும் தங்காமல் போன உடம்பு அவளுடையது. ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே, "அவனுக்கு முதுகுப் பக்கம் பூச்சி அரிச்சிருக்குங்க," என்று புருஷனிடம் சொன்னாள். எவன் என்று விலியரித் கேட்கவில்லை. வந்தவன் பேசமாட்டான், சாப்பிடமாட்டான். தண்ணீர் சுமந்தான், விறகு அடுக்கினான். முதல் பனிக்காலம் முடிவதற்குள் விலியரித்தின் நொண்டல் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் ரனில்தா மாதிரியே உதட்டைக் குவித்துக் கஞ்சியை ஊதப் பழகி, ஊதி ஆற்றி, அவளிடமே நீட்டினான். பார்வைக்கு அவளைவிட இருபது வயது மூத்தவன் மாதிரி இருப்பான். அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அவன் உட்கார்ந்து எழுந்த கிடையில் ஆடுகள் எல்லாம் இரட்டைக் குட்டி போட்டன. அவன் நிழல் பட்ட பால் ஒன்பது நாள் கெடாமல் இருந்தது. இதைக் கண்டுபிடித்த பெண்கள் கறக்கும் நேரத்தில் வாளியோடு வந்து வரிசையில் நின்றார்கள். பிறகு ஒருத்தி வாசலில் பாலாடைக்கட்டி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் நாலு பேர் வைத்தார்கள்.

"ஏன்டி, என் வீட்டு வாசல் என்ன கோயிலா?" என்று ரனில்தா முதலில் வைத்தவளிடம் சண்டைக்குப் போனாள்.

"உனக்கு வேணா புள்ளையா இருக்கட்டும்க்கா. எங்களுக்கு அவரு சாமிதான். பல்லு போன கிழட்டு ஆடு, அது ரெட்டை போட்டிருக்கு. நீ போட வெப்பியா?" என்றாள் அவள். ரனில்தா பாலாடைக்கட்டியை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

சேதி குதிலுப் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், குரல் உயர்த்தத் தெரியாதவர். வந்தவர் மர மனிதன் பக்கம் திரும்பவே இல்லை. விலியரித்தைப் பார்த்தே பேசினார்.

"இது என்னன்னு தெரியுமா விலியரித்?"

"தெரியும் ஐயா. வண்டி அச்சுக்கு வெச்சிருந்த ஓக்குக் கட்டை."

"கட்டைய ஊரு கும்பிடுது. நீ பாத்துக்கிட்டு இருக்கே."

"நான் கும்பிடச் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. மகன் பிதாவால உண்டாக்கப்பட்டவரு, பிதாவுக்குக் கீழ்ப்பட்டவரு, ஆனாலும் நமக்கு அவரு கடவுள்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க? அப்ப, உண்டாக்கினது சாமியாகலாம்தானே?"

"அது பிதா செஞ்சது. இது நீ செஞ்சது."

"அதைத்தான் ஐயா நானும் சொல்றேன். என் கைக்கு இவ்வளவுதான் வந்துது. ஒரு கண்ணு வேற பெருசாப் போச்சு."

விலியரித் கேலி பேசவில்லை என்பது குதிலுபுக்குத் தெரியும். அதனால்தான் அதிகமாகச் சுட்டது. பதில் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். யோசித்துக்கொண்டே ஒரு மாதம் போயிற்று.

அதற்குள் எவாந்தர் வந்து சேர்ந்தார். நகரத்துச் சபையின் உதவிக் குரு அவர்; கோவேறு கழுதை வண்டியின் சக்கரம் உடைந்துபோய், விலியரித்தைத் தேடி வந்தார். அவர்கள் பாடம் வேறு. உண்டாக்கப்பட்ட எதுவும் கடவுள் ஆகாது. மகன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிறந்தவர், பிதாவுக்குச் சமமானவர். இந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் ஆட்களும் நகரத்து ஆட்களும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கடை போடமாட்டோம். வாசலில் இருந்த பாலாடைக்கட்டியைப் பார்த்ததும் எவாந்தருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்க சபையில இந்த வம்பே வராதும்மா," என்றார் ரனில்தாவிடம். "பெத்த புள்ளை பெத்தவங்க மாதிரியே இருக்கும். செஞ்ச சாமான் செஞ்சவன் மாதிரி இருக்குமா? இந்தச் சக்கரம் உன் புருஷன் மாதிரியா இருக்கு?"

அந்த நேரம் பார்த்து மர மனிதன் வாளியோடு ஓடையிலிருந்து வந்தான். விலியரித் எழுந்து எதிரே போய் ஒரு வாளியை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் இடது காலை ஒரே மாதிரி இழுத்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். மரத்துக்கு மூச்சு ஏது? இருந்தாலும் வாங்கினான்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் ரனில்தா.

எவாந்தர் அவள் கொடுத்த கஞ்சியைப் பேசாமல் குடித்துவிட்டுப் போனார். ஆனால் வாய் சும்மா இருக்காதே. நகரத்துச் சந்தையில் இந்தக் கதையைச் சொன்னார்; அங்கிருந்து அது நாலு ஊர் போயிற்று. செய்ததைக் கடவுள் என்றால் கடைசியில் விறகுக்கட்டையில்தான் வந்து நிற்கும் என்று ஜனங்கள் சிரித்தது குதிலுபின் காதிலேயே விழுந்தது. அடுத்த ஞாயிறு சபையில் அறிவித்தார்: பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாள் காலையில் வண்டிச்சாமியை எரிப்பது.

ரனில்தா ஓடினாள். அவர் கோயில் கூரையில் ஏறி வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்று அண்ணாந்து பேசினாள்.

"நான் அவனைப் பெறல ஐயா, ஒத்துக்கறேன். எங்க வீட்டுக்காரரும் செஞ்சதோட சரி. ஆனா நாங்க வளத்தோம். எண்ணெய் தேச்சு, நடக்க வெச்சு வளத்தோம். அதுக்கு உங்க பாடத்துல என்ன பேரு?"

குதிலுப் ஏணியில் இறங்கி வந்தார். கையெல்லாம் வைக்கோல்.

"என் தம்பிக்கு ஒம்பது வயசுக்கா," என்றார். "எங்கம்மா நினைச்சிருந்தா குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் பொழைச்சிருக்கலாம். போடல. இன்னிக்கு நான் அதை விட்டு வெச்சா, அவ எதுக்காகச் செத்தா? நீங்களே சொல்லுங்க."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. அநியாயக்காரனாக இருந்தால் வாய்விட்டுச் சபித்துவிட்டு வந்திருக்கலாம். வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அவன் வாசலில் நின்று அவளுக்காக ஊதி ஆற்றிய கஞ்சியை நீட்டினான்.

அந்தக் காலையில் விலியரித் எழுந்து வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். ஊர் ஆற்றங்கரையில் கூடியது. ஊராருக்கும் அரைமனதுதான், இரட்டைக் குட்டியை யார் விடுவார்கள்? யாரோ மர மனிதனிடம், "விறகு எடுத்துட்டு வாப்பா," என்று வழக்கம்போல வேலை ஏவினார்கள். அவன் எடுத்து வந்தான். விலியரித் சொல்லிக் கொடுத்தபடி பட்டை கீழே வர, காற்றுப் போக இடம் விட்டு, தன்னை எரிக்கப்போகிற விறகைத் தானே ஒழுங்காக அடுக்கினான். ரனில்தா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

குதிலுப் பந்தத்தோடு வந்தார். அது ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகியும், அவர் அதை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். அந்தப் பெரிய கண்ணும் அவரைப் பார்த்தது. பிறகு அவன் கையிலிருந்த கடைசி விறகைக் கீழே வைத்தான். முழங்கால் மடங்குவதற்காகச் செதுக்கப்பட்டதல்ல; மடக்கியபோது பலகை பிளக்கிற சத்தம் கேட்டது. இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, குதிலுபின் காலடியில் மண்ணில் நெற்றி பட விழுந்தான். வடகரையில் எத்தனையோ பேர் வண்டிக்கு முன்னால் விழுந்ததை மேலே இருந்து பார்த்தவன் அவன். எப்படி விழ வேண்டும் என்று அவனுக்கு அத்துப்படி.

பந்தம் எரிந்து எரிந்து குதிலுபின் விரல் வரைக்கும் வந்தது.

"எந்திரி," என்றார். அவன் எழவில்லை. "எந்திரிப்பா," என்றார் மறுபடி, குரல் உடைந்துவிட்டது. பந்தத்தை ஆற்றில் எறிந்துவிட்டு அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, ஊர் பார்க்கச் சத்தம் போட்டு அழுதார். பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ அழுதிருக்க வேண்டிய அழுகை அது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மண்ணுல நெத்திய வெக்கறவன் சாமி இல்ல. நம்மள்ல ஒருத்தன்," என்றார். "எரிக்கிறதுன்னா எல்லாரையும்தான் எரிக்கணும்."

மகன் விஷயத்தில் அவர் தன் பாடத்தை மாற்றிக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். எவாந்தரும் மாற்றிக்கொள்ளவில்லை. சந்தையில் இன்றைக்கும் தனித்தனிக் கடைதான்.

அன்று ஞானஸ்நானத்துக்கு ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக அவனும் வரிசையில் நின்றான். அவனே போய் நின்றான், யாரும் சொல்லவில்லை. ஏட்டில் யார் பிள்ளை என்று எழுதும் இடத்தில் குதிலுப் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு யாரையும் கேட்காமல் விலியரித், ரனில்தா என்று இரண்டு பெயரையும் எழுதினார். சிக்கல் ஆற்றில்தான் வந்தது. முழுசாக முங்கினால்தான் ஞானஸ்நானம். ஓக் கட்டை முங்குமா? குதிலுப் தலையைப் பிடித்து அழுத்தினால் கால் மேலே வந்தது. காலைப் பிடித்தால் மீசை மேலே வந்தது. ஊரில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

"நகருங்க ஐயா," என்று ரனில்தா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். பனி உருகி வருகிற தண்ணீர். அவனை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் கனம் முழுவதையும் அவன் மேல் போட்டு, அவனோடு சேர்ந்து தானும் அடியில் போனாள். குதிலுப் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் குமிழிகளைப் பார்த்துச் சொன்னார். முதலில் ஒருவர் விடுகிற குமிழிகள்தான் வந்தன. பிறகு இருவர் விடுகிற குமிழிகள் வந்தன.

மேலே வந்ததும் அவன் இருமினான். ரனில்தா அவன் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வழிய, மீசையில் தண்ணீர் சொட்ட, நிறுத்தாமல் இருமினான். அவள் அவன் முதுகில் பட்பட்டென்று தட்டி, "தண்ணிய உன்னை யாரு குடிக்கச் சொன்னா?" என்று ஊரே கேட்கும்படி திட்டினாள்.

அந்த வருடம் ஆடுகள் ஒற்றைக் குட்டிதான் போட்டன. பாலும் அதன் நேரத்தில் கெட்டது. அவனுக்கு ஒரு வாரம் சளி பிடித்திருந்தது. ரனில்தா பாலில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள், அவன் ஊதி ஊதிக் குடித்தான்.