மரத்திடம் சொன்ன வரி

கவிதையைப் பிரித்துச் சொல்வது நீலாவதிக்குக் கைவந்த வேலை. ஆலங்காயத்தில் பிறந்து, வேலூரில் படித்து, ஜவ்வாது மலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாக வந்தவள். எந்தப் பாட்டை எடுத்தாலும் பாடுபொருள் என்ன, உள்ளே ஓடுகிற உணர்வு என்ன, அதை எந்தச் சொல் தாங்கி நிற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் அதற்குள் நுழைவாள். அந்தத் திறமையை வைத்துத் தன் சிநேகிதியின் வாயை அடைக்க வேண்டி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சிநேகிதி அம்சவல்லி. அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. மலையிலேயே பிறந்தவள், அவள் ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்த முதல் ஆள். இருவரும் ஒரே ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். அந்தத் தை மாதம் பள்ளி ஆண்டு விழாவில் அம்சவல்லி தான் எழுதிய கவிதை ஒன்றை வாசித்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

நட்டவள் பெயர் வேருக்குத் தெரியும்.
எடுத்தவன் பெயர் ஏலத்துக்குத் தெரியும்.
உதிர்கிறது, உதிர்கிறது, உதிர்கிறது.
கூடை எங்கள் கூடை,
சுமை எங்கள் சுமை,
புளி மட்டும் லாரி ஏறிப் போகிறது.
மரமே,
இந்த வருடம் காய்க்காதே.

மேடையில் தலைமை விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் வடிவேலு. மலையின் புளியமரங்களை ஏலத்தில் எடுத்திருந்த செங்கத்து வியாபாரி. விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். கவிதை முடிந்ததும் கீழே இருந்த மலைக்காரர்கள் கை தட்டவில்லை. ஒருவரும் அசையாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவேலு மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நாடு முழுக்க நெருக்கடி நிலை இருந்த காலம் அது. சத்தமாகப் பேசினாலே ஆளைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று டீக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஜனங்களைத் தூண்டிவிடும் பாட்டு என்று மேலே புகார் போனது. விசாரிக்க வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

தலைமையாசிரியர் கோபால் முதல் நாள் சாயங்காலம் நீலாவதியைத் தனியாக அழைத்தார். பயந்த மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. இது இயற்கையைப் பாடும் கவிதை, வேறொன்றும் இல்லை என்று தமிழாசிரியை விளக்கம் சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றார். இல்லாவிட்டால் அம்சவல்லிக்கு வேலை போகும், ஜெயிலுக்கே போனாலும் ஆச்சரியமில்லை என்றும் சொன்னார். நீலாவதி ஒப்புக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அம்சவல்லியிடம் சொன்னபோது அவள் சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாளே தவிர, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று நீலாவதி எடுத்துக்கொண்டாள்.

விசாரணை பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் நடந்தது. அதிகாரி, கோபால், வடிவேலு மூவரும் முன்னால். ஓரமாக அம்சவல்லி. சன்னலுக்கு வெளியே ஊர்க்காரர்கள் கூடி நின்றார்கள். அவர்களைக் கலையச் சொல்லிப் பார்த்தார் கோபால், ஒருவரும் நகரவில்லை.

நீலாவதி எழுந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். கவிதையின் பாடுபொருள் மரத்தின் கொடை என்றாள். உதிர்கிறது என்று மூன்று முறை வருவது வள்ளல் தன்மையைக் காட்டுகிறது, கேட்காமலே கொட்டிக் கொடுக்கிறது மரம் என்றாள். கூடையும் சுமையும் உழைப்பின் பெருமை. கடைசி வரியோ, அள்ளிக் கொடுத்துக் களைத்த மரத்தை ஒரு வருடம் ஓய்வெடுக்கச் சொல்லும் தாய்ப் பரிவு. மொத்தத்தில் அமைதியும் கனிவுமான பாட்டு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை போலத் தோன்றியது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். கோபாலின் முகம் தெளிந்தது.

அப்போது அம்சவல்லி எழுந்தாள்.

“நான் எழுதினது அது இல்லீங்க.”

கோபால் அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் உட்காரவில்லை. அப்படியானால் நீ எழுதியதற்கு என்னதான் அர்த்தம் என்று அதிகாரி கேட்டார்.

“எனக்குச் சொல்லத் தெரிஞ்சத எழுதிட்டேங்க. அதுல இன்னா இருக்குதுன்னு டீச்சருக்குத் தெரியும். இருக்கறத அவங்களே சொல்லட்டும்.”

நீலாவதிக்கு முதலில் வந்தது கோபம். காப்பாற்றக் கை நீட்டினால் தட்டிவிடுகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அம்சவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கெஞ்சலோ குற்றச்சாட்டோ இல்லை. தன் பிள்ளைக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் எந்தத் தாயும் பார்க்கிற பார்வை அது. கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நேரம் தான் கவிதையைப் பிரித்துச் சொல்லாமல் அதைக் குழியில் போட்டு மூடிக்கொண்டிருந்தது புரிந்தது.

மேசைமேல் இருந்த தாளைக் கையில் எடுத்தாள்.

“நான் சொன்னது தப்புங்க. மறுபடியும் சொல்றேன்.”

இந்த முறை அவள் குரல் வகுப்பில் ஒலிக்கிற குரலாக இருந்தது. சன்னலுக்கு வெளியே கடைசியில் நிற்பவருக்கும் கேட்டது. எடுத்தவர் என்று எழுத இடமிருந்தும் எடுத்தவன் என்று எழுதியிருக்கிறாள், அந்த ஓர் எழுத்திலேயே கவிதை யாரோடு மல்லுக்கு நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது என்றாள். வடிவேலு நாற்காலியில் நெளிந்தார். உதிர்கிறது என்று மூன்று முறை சொல்கிறாளே, பொறுக்கினோம் என்று ஒரு முறையாவது சொல்கிறாளா என்று கேட்டாள். கண் முன்னால் விழுகிறது, தனக்கென்று கை வைக்க முடியவில்லை. அதனால்தான் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

“கூடைக்கு முன்னால எங்கள்னு இருக்குது. சுமைக்கு முன்னாலயும் இருக்குது. புளிக்கு முன்னால இல்ல. அந்த இல்லாததுதாங்க பாடுபொருள்.”

வெளியே யாரோ ஒரு பெண் ஆமாம் என்று சொன்னது அறைக்குள் கேட்டது.

கடைசி வரி பரிவு இல்லை என்றாள் நீலாவதி. மனிதனிடம் சொல்ல விடாதபோது மரத்திடம் சொல்கிறாள். தன் வயிறு காய்ந்தாலும் சரி, அவனுக்கு விளையாதே என்கிறாள். இது அமைதியான பாட்டு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பாடிய பாட்டு.

அதிகாரி பேனாவை மூடினார். நீங்கள் சொன்னதன் விளைவு தெரியுமா, முதலில் சொன்ன விளக்கத்தையே எழுதிக்கொள்கிறேன், ஒரு சந்தர்ப்பம் தருகிறேன் என்றார். அவர் குரலில் மிரட்டலைவிடக் களைப்புதான் இருந்தது.

“ரெண்டாவது சொன்னத எழுதிக்குங்க சார்,” என்றாள் நீலாவதி. “கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

போட்டும் கொடுத்தாள்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கதவைத் திறக்கும்போது அம்சவல்லி, “பயமா இருக்குதுக்கா,” என்றாள். எனக்கும்தான் என்றாள் நீலாவதி. பிறகு இருவரும் உலை வைத்தார்கள்.

அம்சவல்லியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நீலாவதிக்குச் செங்கத்துப் பக்கம் மாற்றல் வந்தது. சம்பள உயர்வும் நின்றது. அந்தப் பருவத்தில் புளி உலுக்கக் கூலிக்கு மலையில் ஒருவரும் போகவில்லை. வடிவேலு கீழேயிருந்து ஆள் கூட்டி வந்து உலுக்கி எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் அடுத்த ஏலத்துக்கு முன்னால் மலைக்காரர்களோடு உட்கார்ந்து பங்கு பேச வேண்டியிருந்தது. நெருக்கடி நிலை முடிந்த பிறகு அம்சவல்லிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நீலாவதியை மட்டும் மறுபடி மலைக்கு அனுப்பவே இல்லை.

செங்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். செய்யுள் எல்லாம் வேறொருவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் இலக்கணம் மட்டும் எடுங்கள், அதில் வம்பு இருக்காது என்றார். சரி என்று வகுப்புக்குப் போனாள். ஏவல் வினைக்கு உதாரணம் கேட்டாள். வா, போ, உட்கார், எடு என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். இதெல்லாம் யார் யாரிடம் சொல்வது என்று கேட்டாள். பெரியவங்க சின்னவங்ககிட்ட என்றார்கள்.

“சரி. சின்னவங்க பெரியவங்களைப் பார்த்துச் சொல்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“கொடு.”

நீலாவதி சாக்பீஸை எடுத்து அதைப் பலகையில் பெரிதாக எழுதினாள்.