பச்சைப் பூ

கல்முனை பஸாரில் என் கடைப் பலகையில் ‘பழைய நூல் திருத்துநர்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே நடப்பது பெரும்பாலும் பாடக்குறிப்புகளைத் தைத்து ஒட்டுவது. அதிலும் சிலவேளை பக்கம் மாறிவிடும்.

சாலிஹும் அவர் மனைவி சுல்பிகாவும் ஒரு காலையில் வந்தார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய கிதாபு. கையால் எழுதிய துஆப் பிரார்த்தனைகள்; ஓரமெல்லாம் கொடியும் பூவும். ஐந்நூறு வருடப் பழசு என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். வரைந்தவரின் பெயர் எங்குமில்லை, அவருடைய பட்டறை எந்த ஊரில் இருந்தது என்பதும் தெரியாது.

சாலிஹ் ஒரு பக்கத்தைத் திறந்தார். ஓரத்தில் ஒரு பூ மட்டும் பளீர்ப் பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கலர் பேனா.

“இந்தக் கலர எடுத்துத் தரணும் காக்கா. பள்ளிவாசல்ல கண்காட்சிக்கு வைக்கப் போறாங்க.”

“எடுக்கப்படாது” என்றாள் சுல்பிகா, துணியை மடித்தபடி.

“ஆர் இது போட்டது?”

கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. போன மாரியில் டெங்கு கொண்டுபோன அவர்களின் மகள் ஆதிலா. ஜனாஸா அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். வாயைத் திறந்தால் தப்பாகத்தான் திறப்பேன் என்பது ஊரறிந்த விசயம்.

“வெறும் கோடா இரிந்திச்சாம், பார்க்கப் பாவமாம். அதான் கலர் போட்டாவாம்” என்றாள் சுல்பிகா.

“அதுக்கு நான் அடிச்சன்” என்றார் சாலிஹ். “கையில. இதத் திறக்கிற நேரமெல்லாம் அந்தச் சின்னக் கைதான் தெரியிது.”

பூதக்கண்ணாடியை எடுத்தேன். என்ன சொல்வதென்று தெரியாத இடங்களில் எனக்குக் கண்ணாடிதான் துணை. ஆனால் அன்று அதில் உண்மையிலேயே ஒன்று தெரிந்தது.

“இங்க பாருங்க. கோடு போட்டவர் ஒராள், ஆசான். கலர் போட்டது அவருக்குக் கீழ வேலை செஞ்ச ஆக்கள். இந்தச் சிவப்பப் பாருங்க, கோட்டத் தாண்டி வழிஞ்சிரிக்கி. மகள் இதப் போட்டவரவிடத் திறம். ஆசான் இதச் சுரண்டல்ல, விட்டுட்டார். ஒரு பூ ஏனோ மிச்சமாப் போச்சி. அத ஆதிலா முடிச்சிரிக்கா.”

சுல்பிகா மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

“இந்தப் பட்டறையில வேலை செஞ்ச ஆக்கள்ல பேர் தெரிஞ்சது உங்கட மகள் ஒராள்தான்.”

சுல்பிகா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. சாலிஹ் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் குனிந்திருந்தார்.

“இது போகாதுதானே காக்கா?”

நல்ல மனிதன் அந்த இடத்தில் பொய் சொல்லியிருப்பான்.

“அவங்கட சிவப்பு கல்லரைச்சது, கிடக்கும். இது கலர் பேனா. வெளிச்சம் பட்டா மங்கிரும்.”

“அப்ப?”

“மூடி வைக்கணும்.”

“கண்காட்சிக்கு வேற பக்கத்தத் திறக்கச் சொல்றன்” என்றார் சாலிஹ். மூடக் கை வைத்தார். மூடவில்லை.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் சுல்பிகா.

எழுந்து விளக்கை அணைத்தேன். தெரு வெயில் இன்னும் உள்ளே வந்துகொண்டிருந்தது. வாசலில் போய் அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். என் உடம்பு ஒரு வேலைக்கு உதவியது அன்றுதான். பாதி வெயிலை மறைத்தது.

கிதாபு மூடும் சத்தம் கேட்கும் என்று நின்றேன். நெடுநேரம் கேட்கவில்லை.