தோல்குன் வாங்கிய ப்ராசசர்

கிர்கிஸ்தானில் எங்கள் ஊர் கரகோலில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. எல்லோரும் முதலில் கூப்பிடுவது என் மனைவி தோல்குனைத்தான். அழுகிறவர்களை அழ விட்டுப் பொறுமையாக எடுப்பாள். படத்தைக் கையில் கொடுப்பதில்தான் தாமதம். எங்கள் கம்ப்யூட்டர் அவ்வளவு பழசு. வெட்டி ஒட்டிய படத்தை முழுப் படமாக்க அதற்கு ஒரு பகல் வேண்டும். குளிர்காலத்தில் அதற்குள் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒருநாள் சீனாவிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பார்சல் வந்தது. லேப்டாப்புக்கென்று செய்த ப்ராசசர். அதை யாரோ நம் மதர்போர்டில் உட்காரும்படி ஒரு பச்சைத் தகட்டில் பற்றவைத்து விற்கிறார்கள்.

"லேப்டாப்போடத இதுல சொருகப் போறியா? என் வேன்ல மோட்டார்சைக்கிள் இன்ஜின வச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

"இது மலைக்குதிரை. கொஞ்சமா தின்னும், நல்லா ஓடும். நீங்க போய் பூர்சோக்கப் பொரிங்க."

மாவுத் துண்டுகளை எண்ணெயில் போட்டபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மதர்போர்டுக்குப் புது ப்ராசசரை அடையாளம் தெரியாதாம். அதனால் அதிலிருந்த சின்னச் சிப்பில் ஒரு கிளிப்பை மாட்டி, போர்டு விழித்தெழும் புரோகிராமையே மாற்றி எழுதினாள். பிறகு புருவம் திருத்தும் இடுக்கியால் ப்ராசசரின் அடியில் போர்டைத் தொடக்கூடாத சில புள்ளிகள் மேல் மெல்லிய டேப் ஒட்டினாள். பழையதைவிட இது உயரம் குறைவு, ஃபேன் எட்டவில்லை. இடையில் பசை தடவி ஒரு செப்புத் தகடு வைத்து இறுக்கினாள்.

பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சா?"

"பேசாம இருங்க. மொதத் தடவ ரொம்ப நேரம் யோசிக்கும்."

"தோல்குன், கருகுற வாசனை வருது. ஆஃப் பண்ணு!"

"அது உங்க பூர்சோக்."

அடுப்பிடம் ஓடினேன். ஒரு சட்டி முழுக்கக் கரி. திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை திரையில் வெளிச்சம் வந்தது. ப்ராசசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி மாதிரி ஏதோ தெரிந்தது.

"அதுக்கு இன்னும் பேரே வைக்கலையாம்" என்றேன்.

"பேர் எதுக்கு? வேலை செஞ்சா போதும்" என்று என் கன்னத்தில் தட்டினாள். கையெல்லாம் பசை.

அந்த வாரமே பக்கத்து வீட்டு சபிரா அக்காவின் மகள் ஜிபாருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் வேலை. மூன்றாம் நாள் விடிந்ததும் இருவரையும் பிஷ்கேக் விமான நிலையத்துக்கு நான்தான் என் வாடகை வேனில் கூட்டிப்போக வேண்டும். படம் இல்லாமல் மகளை அனுப்ப மாட்டேன் என்று சபிரா அக்கா முந்தின நாள் மதியமே வந்து உட்கார்ந்துவிட்டார். தோல்குன் கடைசி வெட்டை முடித்தாள், கரண்ட் போனது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு, நாளைக்குத்தான் சரியாகும் என்றார்கள்.

சபிரா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோல்குன் ஜன்னல் வழியாக என் வேனைப் பார்த்தாள்.

"வேணாம். காலைல பேட்டரி செத்துக் கிடக்கும்" என்றேன்.

"இன்ஜின ஓட விட்டா எப்படிச் சாகும்? பழைய ப்ராசசர்னா நாளெல்லாம் ஓடும், வேனக் கேட்டிருக்கவே மாட்டேன். இது சீக்கிரம் முடிச்சிடும். கிளப்புங்க."

வேனை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் பேட்டரியில் மாட்டிய இன்வெர்ட்டரிலிருந்து வயரை உள்ளே விட்டேன். உள்ளே அவள் கோட்டு மாட்டிக்கொண்டு, கரண்டை மிச்சம் பிடிக்க மானிட்டரை அணைத்துவிட்டு, ஃபேன் சத்தத்தை வைத்தே காவல் காத்தாள். வெளியே வேனில் ஹீட்டர் ஓடியது. சபிரா அக்கா, ஜிபார், மாப்பிள்ளை உலுக்பெக் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

"தம்பி, டிக்கெட் எவ்வளவு?" என்று அக்கா கேட்டார்.

"உக்காந்தே இருக்கிறதுக்கு இலவசம்க்கா. நகர்ந்தாதான் காசு."

பிளாஸ்கில் டீ தீர்வதற்குள் ஜன்னல் கதவு திறந்தது. "முடிஞ்சிடுச்சு!" என்று கத்தினாள் தோல்குன். சபிரா அக்கா இறங்கி ஓடிப்போய், ஜன்னல் வழியாகவே அவளைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் வழியெல்லாம் ஜிபார் போனில் படத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வழியிலுள்ள பலிக்சி ஊரைத் தாண்டியதும் பின் சீட்டில் ஒரே சிரிப்பு.

"மாமா, இது நீங்களா? என்ன ஆட்டம் இது!"

"தொப்பி விழுந்தது கூடத் தெரியாம ஆடுறாரு பாரு" என்றான் உலுக்பெக்.

டீக்கடையில் வண்டியை நிறுத்தி தோல்குனைப் போனில் பிடித்தேன். "நான் ஆடுற எடத்த வெட்டச் சொன்னேனே!"

"வெட்டினேன். அப்புறம் படம் நல்லாவே இல்ல, திரும்பச் சேத்துட்டேன்" என்றாள். பின்னால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்திருந்தது. அடுத்த கல்யாணத்தை ஆரம்பித்திருந்தாள்.